ஐந்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் ஜாதகம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடம். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அப்போது நான் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம். அதற்குள் தட்டு மாற்றி, என் மகள் நிவேதாவின் கல்யாணத்தை உறுதி செய்துவிட வேண்டும். இன்னும் ஒரு மணி இருபது நிமிடம் இருக்கிறது, தாராளம் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டு முடித்த அந்த வினாடியில், செல்போனில் பேசிக்கொண்டே எங்கள் வீட்டை அளந்துகொண்டிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமா, நான் பூட்டியிருக்க வேண்டிய அறையின் கதவைக் காலால் தள்ளித் திறந்தார்.

"இன்னாம்மா இது, வூட்டுக்குள்ளயே குஜிரி வெச்சிருக்கீங்களா?"

குஜிரி என்றால் எங்கள் பெங்களூரில் பழைய சாமான் கடை. அவர் அந்த வார்த்தையை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. மூன்று மாதம் ஆகிறது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள். வயது ஐம்பத்து மூன்று. எல்லோரும் இந்த வயதில் கோயில், யோகா, செடி என்று போவார்கள். நான் பழைய கம்ப்யூட்டர் பக்கம் போனேன். முப்பது, முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடித்து, செத்துக் கிடப்பதை உயிர்ப்பித்து, அது கர்ரென்று எழுந்து தன் நினைவகத்தைத் தானே எண்ணிப் பார்ப்பதைக் கண்ணாரப் பார்ப்பது. அவ்வளவுதான் என் பொழுதுபோக்கு. ஆஸ்டின் டவுனில் இரண்டாவது மாடியில், மூன்று அறை வீட்டில், ஒரு அறை என்னுடையது. அதில் பதினான்கு கம்ப்யூட்டர்களும், ஒவ்வொன்றும் ஒரு மூட்டை எடையுள்ள ஆறு பழைய மானிட்டர்களும் இருக்கின்றன. (கட்டில் இல்லை. விருந்தாளி வந்தால் ஹாலில்தான் படுக்க வேண்டும். அதனால் விருந்தாளிகளும் குறைந்துவிட்டார்கள். அதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை.)

அன்று காலை என் கணவர் ரகு எட்டு மணிக்கே சொன்னார். "வசந்தி, அந்த ரூமைப் பூட்டிடு."

"பூட்டியாச்சு" என்றேன்.

பூட்டவில்லை. இதை முதன்முதலாக இங்கேதான் ஒப்புக்கொள்கிறேன். ஒரு சாண் அகலத்துக்கு வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தேன். யாராவது எட்டிப் பார்த்து, "அடேயப்பா, இதெல்லாம் யாரு சரி பண்ணது?" என்று கேட்க மாட்டார்களா என்ற அற்ப ஆசை. ஏனென்றால் ஏழு மாத வேலை அந்த வாரம்தான் முடிந்திருந்தது.

அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சிவாஜி நகரில் ஒரு குஜிரியில், உடைந்த மிக்சிகளுக்கு அடியில் கிடந்தது. பழுப்பேறிய பெட்டி. முன்பக்கத்தில் பாதி கிழிந்த ஸ்டிக்கர்: "ஐந்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் ஜாதகம்." தொண்ணூறுகளில் பொருட்காட்சிகளிலும் தேர்த் திருவிழாக்களிலும் இப்படி ஒரு ஸ்டால் இருக்கும். பிறந்த தேதியும் நேரமும் சொன்னால் போதும், பிரிண்டர் கத்திக் கதறி, ஓரத்தில் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் தமிழில் ஜாதகம் அடித்துக் கொடுக்கும். அப்படி ஒரு ஸ்டாலில் ஊர் ஊராகச் சுற்றிய பெட்டி அது. கூடவே பிரிண்டரும் கிடைத்தது.

உள்ளே இருந்த பேட்டரி கசிந்து பலகையைப் பச்சையாக அரித்திருந்தது. வினிகரைத் தொட்டுத் தொட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் ஒரு மாதம் தேய்த்தேன். அறுந்த செப்புக் கோடுகளுக்குப் பதிலாகத் தலைமுடி போன்ற கம்பியை வைத்து ஒட்ட வைத்தேன். பழுப்பேறிய பெட்டிக்கு, பியூட்டி பார்லருக்குச் சாமான் விற்கும் கடையில் தலைமுடி வெளுக்கும் கிரீம் வாங்கிப் பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். (பெங்களூர் வெயிலை நம்பி. நாலு நாள் வேலைக்கு மூன்று வாரம் ஆனது.) பிரிண்டர் ரிப்பன் காய்ந்து போயிருந்ததால் ஸ்டாம்ப் பேட் மையை ஊற்றி ஊற வைத்தேன். கடைசியில் ஒரு மாலை சுவிட்சைப் போட்டபோது, உள்ளே இருந்த ஜாதகப் புரோகிராம் அப்படியே எழுந்து வந்து, "பெயர்?" என்று கேட்டது. நான் அழுதுவிட்டேன். என் பிறந்த தேதியைக் கொடுத்தேன். நட்சத்திரம், ராசி, லக்னம் எல்லாம் அச்சுப் பிசகாமல் வந்தது. ரகுவுடையதையும் கொடுத்தேன். அதுவும் சரி. நிவேதாவுடையதை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. கல்யாணப் பேச்சு நடக்கும்போது பெண்ணின் ஜாதகத்தைச் சோதனைக்கெல்லாம் எடுக்கக் கூடாது என்று ஒரு பயம். எனக்குப் பயங்களுக்குப் பஞ்சமில்லை.

இப்போது கல்யாணப் பேச்சு. நிவேதாவும் பிரசன்னாவும் ஒரே கம்பெனியில் வேலை. இரண்டு வருடமாக ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும், பிரசன்னாவின் அப்பா முனிரத்தினத்துக்கும் அம்மா சாரதாவுக்கும் தெரியும். தெரியாதது ஒரே ஒருவருக்குத்தான். அவர் சாரதாவின் அண்ணன் தசரதன், ஓசூரில் இருக்கிறார். அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான் என்பதால், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அவர் கேட்டது ஜாதகம் ஒன்றுதான். நாங்கள் கையால் எழுதி வைத்திருந்த நிவேதாவின் ஜாதகத்தை அவருடைய ஜோசியரே பார்த்து, பத்துக்கு எட்டு பொருத்தம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை. பெண் பார்ப்பது, காபி, தட்டு மாற்றுவது, எல்லாம் ஒரே வேளையில். மாப்பிள்ளை தட்டு மாற்ற வரும் வழக்கம் அவர்களுக்கு இல்லையாம். அதனால் பிரசன்னா எங்கோ உட்கார்ந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிவேதாவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். இந்தக் காலை ஒழுங்காக முடிந்தால் அவர்களுக்குக் கல்யாணம். முடியாவிட்டால் என்ன என்று யோசிக்க எனக்கு அப்போது தைரியம் இல்லை.

அப்படிப்பட்ட காலையில், அப்படிப்பட்ட மனிதர், என் அறையைக் குஜிரி என்றார்.

நல்ல தாயாக இருந்தால் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பாள். நான், "குஜிரி இல்லீங்க, உள்ள வாங்க, காட்டறேன்" என்றேன்.

ஹாலிலிருந்து ரகு என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

மாமா வந்தார். அவருக்குப் பின்னால் முனிரத்தினம் கேசரிக் கிண்ணத்தோடு வந்தார். சாரதா வாசலில் நின்றுகொண்டார். நான் சுவிட்சைப் போட்டேன். இருபது நிமிடம் பேசினேன். வினிகர், செப்புக் கோடு, ரிப்பன், எதையும் விடவில்லை. முதல் ஆண்டு மாணவர்களுக்குக்கூட நான் இவ்வளவு உற்சாகமாகப் பாடம் நடத்தியதில்லை.

"இதெல்லாம் இன்னாத்துக்கு ஆவும்?" என்றார் மாமா.

"ஜாதகம் போடும்."

அவர் முகம் முதல்முறையாக மாறியது. "கரெக்டா போடுமா?"

இந்த இடத்தில் நான் சொன்ன பதிலை என் குடும்பத்தார் இன்றுவரை எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டுகிறார்கள். "முப்பது வருஷமா ஒரு கணக்குகூடத் தப்பாப் போட்டதில்லீங்க. மனுஷன் பொய் சொல்லுவான். இது சொல்லாது."

"அப்போ நம்ம பொண்ணோடது போடுங்க, பாப்போம்."

நம்ம பொண்ணு என்றார். கவனியுங்கள். அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது போல் இருந்தது. பயத்தையெல்லாம் மறந்து விசைப்பலகை முன் உட்கார்ந்தேன். பெயர்: நிவேதா. பிறந்த ஊர்: பெங்களூர். தேதி, மாதம். வருடம் என்று இரண்டு கட்டம் இருந்தது. அவள் பிறந்தது இரண்டாயிரமாவது ஆண்டு. 00 என்று அடித்தேன். நேரமும் அடித்தேன். இயந்திரம் கொஞ்ச நேரம் முனகியது. பிறகு பிரிண்டர் கத்த ஆரம்பித்தது. மாமா அந்தச் சத்தத்தைக் கைகட்டிக் கேட்டார்.

காகிதம் வந்ததும் கிழித்து, நானே இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன். நானே.

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பையிலிருந்து நாங்கள் கொடுத்திருந்த கையெழுத்து ஜாதகத்தின் நகலை எடுத்தார். ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்தார்.

"நீங்க குடுத்த ஜாதகத்துல அஸ்த நட்சத்திரம்."

"ஆமாங்க, அஸ்தம்."

"இதுல மூலம்."

முனிரத்தினம் வாய்க்குக் கொண்டுபோன கரண்டியை நிறுத்தினார். மூல நட்சத்திரப் பெண் மாமனாருக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. மாமனாராகப் போகிறவர் அவர்தான்.

"செவ்வா, இதுல எட்டாம் எடத்துல கீது. உங்களுதுல பதினொண்ணுல கீது." மாமா இப்போது காகிதத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "கெழமையே மாறுதேம்மா. நீங்க வெள்ளின்னு எழுதிக் குடுத்தீங்க. இது சனின்னுது."

"அவ ஆடி வெள்ளிக்கிழமை பொறந்தவங்க" என்றேன். "பக்கத்து அம்மன் கோயில்ல கூழ் ஊத்தற மைக் செட் சத்தம் பிரசவ ரூம் வரைக்கும் கேட்டுச்சு."

"வயசு?"

பார்த்தோம். இருபத்தைந்து என்று அடித்திருந்தது. சரியான வயது.

"வயசு கரெக்டா இருக்குது. மாசம் கரெக்டா இருக்குது. நட்சத்திரமும் செவ்வாயும் மட்டும் மாறுது." அவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "ஜாதகத்த மாத்தி எழுதிட்டீங்களா?"

தோஷம் இருக்கும் பெண்ணுக்கு ஜாதகத்தைத் திருத்திக் கல்யாணம் செய்துவைக்கிற ஆட்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த வரிசையில் என்னை நிறுத்துகிறார். இருபத்தெட்டு வருடம் மாணவர்கள் காப்பியடித்தால் பிடித்துக் கொடுத்த என்னை.

"என்னங்க பேசறீங்க?"

"நான் பேசலம்மா. உங்க பொட்டி பேசுது. பொய் சொல்லாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒன்று, என் இயந்திரம் தப்பு. இல்லாவிட்டால் நான் பொய்க்காரி. "இயந்திரம் பழசுங்க, ஏதோ கோளாறு" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அந்த வாக்கியம் என் வாயில் வரவில்லை. ஏழு மாதம், வினிகர், மூன்று வார வெயில். அதைக் கோளாறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டு, இரண்டையும் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

"ஜாதகத்திலயும் தப்பில்ல, மெஷின்லயும் தப்பில்ல" என்றேன். "நான் டைப் பண்ணதுல ஏதாவது இருக்கும். உங்களுதைச் சொல்லுங்க, போட்டுப் பாக்கலாம்."

ரகு வாசலுக்கு வந்து, "வசந்தி, மணி பதினொண்ணேகால்" என்றார்.

"இருங்க."

மாமா தன் தேதியைச் சொன்னார். அறுபத்திரண்டாம் வருடத்துப் பிறப்பு. 62 என்று அடித்தேன். பிரிண்டர் கத்தியது. காகிதத்தை வாங்கிப் படித்தவர் அப்படியே நின்றுவிட்டார். திருவோணம், மகர ராசி, லக்னம், பிறந்தபோது இருந்த தசையில் மிச்சம் எத்தனை மாதம் என்பது வரை சரி. காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எங்கப்பா எழுதி வெச்சது அப்படியே வந்துருக்குது" என்றார். என் வாழ்நாளில் என் வேலைக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். அது என் பெண்ணின் தலையில் விழுந்த அடி என்பது புரிய எனக்கு இரண்டு வினாடி ஆனது.

"இன்னொண்ணு பாத்துடலாம்" என்றேன், பதற்றத்தில். பிரசன்னாவின் ஜாதகத்தைப் போட்டேன். தொண்ணூற்று ஆறு. அதுவும் இம்மி பிசகாமல் வந்தது.

இப்படியாக, என் மகளுடைய ஜாதகம் ஒன்றைத் தவிர உலகத்தில் மற்ற எல்லா ஜாதகமும் சரி என்பதை நானே மூன்று தாளில் அச்சடித்து நிரூபித்துக் கொடுத்தேன்.

நிவேதா அப்போதுதான் உள்ளே வந்தாள். பட்டுப்புடவையில், கையில் போனோடு. "அம்மா, சும்னே இரும்மா. அதை ஆஃப் பண்ணு" என்றாள். பெங்களூரில் வளர்ந்த பெண். சும்மா இரு என்பதைப் பாதிக் கன்னடத்தில்தான் சொல்வாள்.

"நீ சும்மா இரு. உன் பேர்ல இருக்கற பழியைத் துடைக்கறேன்."

"எம்மேல யாரும்மா பழி போட்டாங்க? நீதான போட்டே."

ரகு அந்தத் தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தினமும் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்து, முன்னும் பின்னும் ஒரு எழுத்து விடாமல் படிப்பார். அது ஒன்றுதான் அவர் படிப்பு. "வசந்தி, இதுல வருஷம் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

"இல்ல, தமிழ் வருஷம் பாத்தியான்னா..."

"உங்களுக்கு என்ன தெரியும் இதைப் பத்தி?"

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் எதிர்த்துப் பேசாதவர். அது நல்ல குணம் என்றுதான் இருபத்தேழு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

பதினொன்று ஐம்பதுக்கு மாமா எழுந்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "தப்பா நெனைக்காதீங்கம்மா. நல்ல குடும்பம்தான். ஆனா ஒரு எடத்துல சந்தேகம் வந்துடுச்சுன்னா அங்க தட்டு மாத்தக் கூடாது. எமகண்டத்துல வண்டியும் எடுக்கக் கூடாது. நாங்க போய் ஓட்டல்ல எங்கனா உக்காந்து சாப்ட்டு, ஒண்ணரைக்கு மேல கெளம்பறோம்."

"இங்கயே சாப்பிடலாமே. சமைச்சு வெச்சிருக்கோம்" என்றார் ரகு.

"வேணாம் சார். கை நனைச்சா சம்மதம்னு ஆயிடும்."

முனிரத்தினம் பாதிக் கேசரியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். சாரதா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது நிவேதாவின் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனார். அவர்கள் கொண்டுவந்த தட்டு மஞ்சள் துணி போட்டு மூடியபடியே படியிறங்கிப் போனது.

நிவேதா அழவில்லை. அழுதிருந்தால் தேறியிருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்து, போனை மடியில் கவிழ்த்து வைத்து, "நான் உன்னோட பேசல" என்றாள். அவ்வளவுதான்.

பன்னிரண்டு பத்துக்கு ரகு தொண்டையைச் செருமினார். "இப்ப சொல்லலாமா?"

"சொல்லித் தொலைங்க."

"இதுல சார்வரி வருஷம்னு போட்டிருக்கு. நிவி பொறந்தது விக்கிரம வருஷம். சார்வரி வந்தது அந்த கொரோனா வருஷம், ஊரடங்குல வீட்டுக்குள்ள உக்காந்து தினம் படிச்சதுனால நல்லா ஞாபகம் இருக்கு. தமிழ் வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒருதடவைதான் திரும்பி வரும். அப்ப அதுக்கு முன்னாடி சார்வரி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. அதுக்கும் முன்னாடி..." விரலை மடக்கினார். "ஆயிரத்துத் தொள்ளாயிரம்."

தாளை அவர் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் எழுதிய புரோகிராம். வருடத்துக்கு இரண்டு இலக்கம். முன்னால் 19 என்பதை அதுவே போட்டுக்கொள்ளும். 62 என்றால் 1962. 96 என்றால் 1996. 00 என்றால் 1900. பெட்டி என் மகளை ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் பிறந்தவள் என்று எடுத்துக்கொண்டு, நூற்று இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமைக்குக் கோள்களைக் கணக்குப் போட்டிருக்கிறது. வயதாவது காட்டிக் கொடுத்திருக்கக் கூடாதா? கொடுக்காது. நடப்பு வருடத்தையும் அது 25 என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தது. இருபத்தைந்தில் பூஜ்யம் போனால் இருபத்தைந்து. தப்பைத் தப்பால் மறைத்துவிட்டு யோக்கியன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

உறுதி செய்துகொள்ள, இரண்டாயிரமாவது ஆண்டின் முதல் நாளைக் கொடுத்தேன். திங்கட்கிழமை என்றது. அது சனிக்கிழமை. எனக்கு எப்படி மறக்கும்? உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் இந்த இரண்டு இலக்கத் தகராறால் அன்று படுத்துவிடும் என்று ஊரே பயந்தது. அதற்கு முந்தைய வருடம் முழுக்க என் வகுப்பில் நான் நடத்திய பாடமே அதுதான். வருடத்தை ஏன் நான்கு இலக்கத்தில் எழுத வேண்டும் என்று பலகையில் பெரிதாக எழுதி, அடிக்கோடு போட்டு, பரீட்சையில் கேள்வியாகவும் கேட்டேன். அந்த வருடக் கடைசியில் பாடம் நடத்தும்போது நிவேதா என் வயிற்றில் இருந்தாள்.

அந்தப் புரோகிராமை எழுதிய ஆள் யாரோ, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். இன்னும் இரண்டு இலக்கம் அதிகமாக வைத்திருந்தால் அவர் வீட்டுச் சொத்து கரைந்தா போயிருக்கும்? அவருக்கு அப்போது கல்யாண வயதில் மகள் இருந்திருக்க மாட்டாள். இருந்திருந்தால் எட்டு இலக்கம்கூட வைத்திருப்பார்.

"அப்பவே சொல்றதுக்கென்ன உங்களுக்கு?" என்று ரகுவின் மேல் பாய்ந்தேன்.

"ரெண்டு தடவை சொன்னேன்."

"சத்தமாச் சொல்லணும்."

"சத்தம் போட்டா உனக்குப் பிடிக்காதே."

நிவேதா அந்த நேரத்திலும் சிரித்துவிட்டாள். உடனே நிறுத்திக்கொண்டாள். அன்றிலிருந்து நான் எந்தத் தேதியைச் சொன்னாலும், பால் பாக்கெட்டின் கடைசித் தேதியாக இருந்தாலும், "நாலு இலக்கத்துல சொல்லு" என்கிறார்கள் அப்பாவும் மகளும். என் தங்கை வீட்டுக்கும் பரவிவிட்டது. போன வாரம் ஒரு மாணவன் வகுப்பில் கேட்டான். யார் மூலமாகப் போனது என்று தெரியவில்லை.

மாமாவுக்குப் போன் செய்தேன். எடுத்தார். "சார், அது வந்து, வருஷத்துக்கு ரெண்டு இலக்கம்தான் இருக்கறதுனால..." என்று ஆரம்பித்தேன்.

"எமகண்டத்துல எதுவும் பேச வேணாம்மா" என்று வைத்துவிட்டார்.

மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. அந்த மனிதருக்கு எப்படிப் புரிய வைப்பது என்று யோசித்துப் பார்த்தேன். காலையில் "இது பொய்யே சொல்லாது" என்று சொன்ன அதே பெண், மத்தியானம் "அது பொய் சொல்லிவிட்டது" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன். ஜாதகத்தைத் திருத்துகிறவள் இதையும் திருத்துகிறாள் என்றுதான் நினைப்பேன்.

சமைத்து வைத்தது ஆறிக்கொண்டிருந்தது. யாரும் இலை போடவில்லை. நிவேதா புடவையை மாற்றவும் இல்லை, போனைத் திருப்பவும் இல்லை. அது மடியில் கிடந்து அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. "பிரசன்னா என்ன சொல்றான்?" என்று கேட்டேன். "மாமா பேச்சை மீற மாட்டாங்கம்மா அவங்க வீட்டுல. யாருமே மீறினதில்ல" என்றாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு அந்தப் பதினான்கு கம்ப்யூட்டரையும் மாடியிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிவிடத் தோன்றியது. அறைக்குப் போய், பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு, பட்டென்று பிடுங்கினால் வட்டு கெட்டுவிடுமே என்று ஒரு கணம் கவலைப்பட்டேன். அதற்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்று நாற்பதுக்கு வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். ரகு கதவைத் திறந்தார்.

சாரதா. தனியாக. கையில் மஞ்சள் துணி போட்ட தட்டு.

நான் ஓடிப் போய், "உக்காருங்க, நான் விளக்கமா சொல்லிடறேன். அந்தப் புரோகிராம்ல வருஷத்துக்கு ரெண்டு எண்தான், அதனால பூஜ்யம் பூஜ்யம்னு போட்டா..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் எனக்கு இன்னாத்துக்குங்க" என்றார் சாரதா. அன்று அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல்முறை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக நிவேதாவின் பக்கத்தில் போய் நின்றார். "செவ்வா எட்டுல இருக்குறது எனக்குத்தான். எங்கண்ணன்தான் அத பதினொண்ணுல தள்ளி எழுத வெச்சு என்னைக் கட்டிக் குடுத்தாரு. முப்பது வருஷம் ஆவுது. அதான் யாரப் பாத்தாலும் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்துடுது."

ரகு, "உங்க வீட்டுக்காரருக்கு இது..." என்று இழுத்தார்.

"அவருக்குக் கல்யாணமான மறு வருஷமே தெரியும். நல்லாத்தான் இருக்காரு. இப்பகூட அப்பளம் குடு, அப்பளம் குடுன்னு கேட்டு அண்ணன எழுந்திரிக்க விடாம உக்கார வெச்சிருக்காரு. நான் மாத்திர வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்." தட்டின் மேலிருந்த துணியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "ஓட்டல்ல கூட்டம், எடம் கெடைக்கவே ஒண்ணேகாலு ஆயிடுச்சு. அண்ணன் இப்பதான் சாம்பாருல கீறாரு. மோருக்கு வர்றதுக்குள்ள தட்ட மாத்திக்கலாம், வாங்க."